பாட்டும் பாட்டும் சேருற இடம்

செல்போன்ல பாட்டு கேக்குற ஆப்புகள்ல ஒரு வசதி இருக்கு. உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். மீதிப் பேரு அது இருக்குறதே தெரியாம அனுபவிச்சுக்கிட்டு இருப்பீங்க. ஒரு பாட்டு முடியிறதுக்குள்ளயே அடுத்த பாட்டு பைய உள்ள நுழைஞ்சுரும். முதல் பாட்டோட சத்தம் எறங்க எறங்க, ரெண்டாவது பாட்டோட சத்தம் ஏறும். நடுவுல அமைதியே கிடையாது. இதுக்கு கிராஸ்ஃபேட்னு பேரு. ஸ்பாட்டிஃபைல செட்டிங்ஸுக்குள்ள போயி பிளேபேக்ங்கிற இடத்துல தேடுனா ஒரு கோடும் அதுல தள்ளுற மாதிரி ஒரு புள்ளியும் இருக்கும். 12 செகண்ட் வரைக்கும் தள்ளலாம்.

மம்பட்டி பிடிக்கிறவனுக்கு இதப் பத்தி எழுத என்ன இருக்குனு கேப்பீங்க. எங்க தோட்டத்துல இந்தப் புள்ளிய முன்னாடி தள்ளுறதா பின்னாடி தள்ளுறதானு ஒரு வாரம் பஞ்சாயத்து நடந்துச்சு. அதனால சொல்ல விஷயம் இருக்கு.

எங்களுக்குப் பசுமலைக்குத் தெற்க, நிலையூர் கண்மாய்ப் பக்கம் கொஞ்சம் நிலம். கண்மாய்ல தண்ணி இருந்தா நெல்லு, இல்லாட்டி கிணத்துத் தண்ணிய வச்சு என்ன முடியுமோ அது. ஒரு ஓரமா அரை ஏக்கர் மல்லிகை. மதுரை மல்லினு 2013-ல புவிசார் குறியீடு குடுத்தாங்களே, அந்தப் பூவுதான். பேரு மதுரைக்கு, பறிக்கிற பாடு எங்களுக்கு. பூ விரியிறதுக்கு முன்னாடி மொட்டாப் பறிக்கணும். வெயில் ஏறுறதுக்குள்ள பறிச்சு, எடை போட்டு, மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கொண்டு போகணும். சீசன்ல விடியக்காலம் மூணு மணிக்கெல்லாம் பறிக்கிற பொம்பளைங்க தலையில லைட்ட மாட்டிக்கிட்டு வந்துருவாங்க. அஞ்சாறு பேரு, ஆளுக்கு ஒரு நெரை. ரெண்டு கையும் செடிக்குள்ள இருக்கும். மடியில துணி கட்டி அதுல மொட்டப் போட்டுக்கிட்டே போகணும்.

இந்த வேலைக்குப் பாட்டு வேணும். தூக்கம் வராம இருக்க வேணும், பயம் வராம இருக்கவும் வேணும். முன்னாடி ரேடியோ. கோடைப் பண்பலை இங்க நல்லா எடுக்கும், ஆனா அந்த நேரத்துக்கு அவங்க நெனச்சதுதான் வரும். இப்ப என் போனு. அத ஒரு சின்ன புளூடூத் பெட்டியோட சேத்து, வரப்புல இருக்குற வேப்பங்கன்னுல தொங்க விட்டுருவேன். ஒருக்க தொங்க விட்டா விடியிற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. தொடவும் முடியாது, கையெல்லாம் பனியும் மண்ணும்.

மகன் கோயம்புத்தூர்ல வேலை பாக்குறான். பொங்கலுக்கு வந்தப்ப, "அப்பா, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல சும்மா நிக்குது பாருங்க"ன்னு சொல்லி, அந்தப் புள்ளிய 12-ல தள்ளி விட்டுட்டுப் போயிட்டான். அவன் நல்லதுக்குத்தான் செஞ்சான். மறுநாள் விடியக்காலம் பாட்டு அறுபடாத வாய்க்கா மாதிரி ஓடுச்சு. வந்தவங்கள்ல சின்னப் பிள்ளை ஒண்ணு உண்டு, கல்யாணமாகி ரெண்டு வருஷம் இருக்கும். அதுக்கு ஒரே சந்தோஷம். "மாமா, இப்பத்தான் தூக்கமே வரல. முந்தி பாட்டு நின்ன உடனே கண்ணு சொருகும்"னு சொல்லுச்சு.

பறிக்கிறவங்கள்ல மூத்தவுக ஒருத்தவுக இருக்காக. நான் அக்கான்னு கூப்புடுவேன், என்னைவிட பத்து வயசு மூப்பு. அவுக ரெண்டு நாள் ஒண்ணும் சொல்லல. மூணாவது நாள் எடை போடும்போது, "தம்பி, உன் போனு பாட்டோட கடைசி வரிய முழுங்குது"ன்னாக. அதோட விட்டாகளா, இல்ல. "பாட்டு விடாம ஓடுனா யாரு எங்கன நிக்கிறாங்கிறது தெரிய மாட்டேங்குது"ன்னாக.

எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. முந்தியெல்லாம் ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது வர்றதுக்குள்ள ரெண்டு மூணு செகண்ட் இடைவெளி இருக்கும். சிக்னல் மோசமா இருந்தா பத்து செகண்டு கூட ஆகும். அந்த இடைவெளியில இவங்க பேசிக்கிருவாங்க. "அக்கா, எங்கன வந்துட்டீக?" "தென்னை ஓரம்." "ஏ புள்ள, அந்தப் பக்கம் பைய போ, காலைல பூச்சி ஓடுச்சு." ராத்திரில பாம்பப் பாம்புன்னு சொல்ல மாட்டோம், பூச்சிதான். இருட்டுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் தொட்டுப் பாக்குற மாதிரி அந்தக் குரலு. யாரும் திட்டம் போட்டு செஞ்சதில்ல. இடைவெளி வந்துச்சு, குரல் குடுத்தாங்க, அம்புட்டுத்தான். பாட்டு நிக்காம ஓட ஆரம்பிச்சதும் அந்தக் குரலும் நின்னு போச்சு. பாட்டு மேல கத்திப் பேசலாம்தான். ஆனா கத்துறதுக்கு ஒரு காரணம் வேணும். சும்மா "இருக்கியா"ன்னு கேக்குறதுக்கு யாரும் கத்த மாட்டாங்க.

அதுக்குப் பிறகுதான் இந்த விஷயத்த நான் கொஞ்சம் நோண்டிப் பாத்தேன். மகன்கிட்ட போன்ல கேட்டேன், நானும் படிச்சேன். பாட்டுக்கு நடுவுல இடைவெளி வர்றதுக்கு ரெண்டு மூணு காரணம் இருக்கு. ஒண்ணு, சிக்னல். அடுத்த பாட்டோட ஆரம்பத்த ஆப்பு முன்கூட்டியே இறக்கி வச்சிருக்கணும். எங்க தோட்டத்துல ஒரு கம்பி, ரெண்டு கம்பிதான் சிக்னல் காட்டும். அது இறக்குறதுக்குள்ள இந்தப் பாட்டு முடிஞ்சிருச்சுன்னா போனு முழிக்கும். ரெண்டாவது, அந்தப் பாட்டு ஃபைலுலயே கொஞ்சம் அமைதி ஒட்டிக்கிட்டு இருக்கும். எம்பி3-ன்னு சொல்றோம்ல, அது சத்தத்த ஒரே நீளமுள்ள துண்டு துண்டா வெட்டித்தான் வைக்கும். பாட்டு எங்க முடிஞ்சாலும் சரி, கடைசித் துண்டு நிறையணும். நிறையலேன்னா வெறும் அமைதிய ஊத்தி நிரப்பும். ஆரம்பத்துலயும் கொஞ்சம் சேந்துக்கும். படியில அளக்குறப்ப கடைசிப் படி குறைஞ்சா பதரப் போட்டு ரொப்புற மாதிரின்னு வச்சுக்கங்களேன். பதர் எம்புட்டுனு தெரிஞ்ச ஆப்பு அதத் தூத்தி எடுத்துரும். தெரியாதது அப்பிடியே போட்டுரும், நம்ம காதுல 'டொக்'குனு ஒரு வெட்டு விழும்.

அந்தப் பதர மட்டும் தூத்தி, ஒரு பாட்டோட கடைசிச் சத்தத்த அடுத்ததோட முதல் சத்தத்துல ஒட்டுறதுக்கு கேப்லெஸ்னு பேரு. இது வேற, கிராஸ்ஃபேட் வேற. கேப்லெஸ் ஒண்ணையும் கூட்டாது, குறைக்காது. கிராஸ்ஃபேட் ஒண்ணு மேல ஒண்ணப் படுக்க வைக்கும். மூணாவதா ஆட்டோமிக்ஸ்னு ஒண்ணு வந்திருக்கு. அது ரெண்டு பாட்டோட தாளத்தையும் கணக்கு எடுத்து, ஒண்ணோட வேகத்துக்கு இன்னொண்ண இழுத்து ஒட்டும். ஸ்பாட்டிஃபைல சில பட்டியலுக்கு மட்டும் இது இருந்துச்சு. 2025-ல ஆப்பிள் போன்லயும் வந்துருச்சு. இதெல்லாம் டிஸ்கோக்காரங்க வித்தை. அமெரிக்காவுல நியூயார்க் பக்கம் ஆட்டக் கூடங்கள்ல ரெண்டு ரெக்கார்டு பிளேயரப் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு, ஆடுறவன் கால் நிக்கக் கூடாதுனு கண்டுபிடிச்சது. ஆடுறவனுக்கு அது சரி. ஒரே அடி, ஒரே வேகம். நம்ம பழைய பாட்டுல அம்பது பேரு ஒரே ஹால்ல உக்காந்து கையால வாசிச்சிருப்பாங்க. சரணத்துல கொஞ்சம் ஓடும், பல்லவிக்கு வரும்போது கொஞ்சம் அசந்து வரும். அத எந்த வேகத்துக்கு இழுக்குறது?

இதெல்லாம் புதுசுன்னு இந்தக் காலத்துப் பிள்ளைக நெனைக்கிறாங்க. பாட்டையும் பாட்டையும் சேக்குறதுக்கு ஆளுங்க இருந்தாங்கய்யா. எங்க பெரியப்பா ஒருத்தர் ரேடியோ செட் வச்சிருந்தாரு. மைக் செட்டத்தான் அந்தக் காலத்துல ரேடியோ செட்டுனு சொல்லுவோம். அவருகிட்ட அவரோட அப்பா காலத்து 78 வேக ரெக்கார்டுக கொஞ்சம் இருந்துச்சு. ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான் ஓடும். முள்ள மாத்தணும், தட்டத் திருப்பணும். அதுக்குள்ள கூட்டம் சலசலன்னு பேச ஆரம்பிச்சிரும். பெரியப்பா அந்த நேரத்துலதான் மைக்கப் பிடிச்சு, நன்கொடை குடுத்தவங்க பேரப் படிப்பாரு. பேரு படிக்கணும்னா பாட்டு முடியணும். பாட்டு முடிஞ்சா பேரு வரும்னு எல்லாருக்கும் தெரியும், காத நீட்டிக்கிட்டு இருப்பாங்க. இடைவெளிய அவரு வீணாக்குனதே இல்ல. எல்.பி. தட்டு வந்த பிறகு ஒரு பக்கம் இருபது நிமிஷம் ஓடுச்சு. "பேரு படிக்க நேரமே இல்லாமப் போச்சுடா"ன்னு அவருக்கு அதுல ஒரு வருத்தம்.

என் வயசுல கேசட்டு. 1980-கள்ல மதுரைல தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர் இருந்துச்சு. ஒரு தாள்ல பன்னெண்டு பாட்டு எழுதிக் குடுத்துட்டு, ரெண்டு நாள் கழிச்சுப் போயி வாங்கணும். 60 நிமிஷக் கேசட்டுன்னா ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டு ஆறு போட்டா 27 ஆச்சு. மிச்சம் மூணு நிமிஷம் என்ன செய்றது? அரைகுறை ஆளா இருந்தா ஏழாவது பாட்ட ஆரம்பிச்சு, டேப் தீந்த இடத்துல அப்பிடியே அறுத்து விட்டுருவான். வீட்டுக்கு வந்து கேட்டா, சரணம் பாடிக்கிட்டு இருக்கும்போதே 'டப்'புனு பட்டன் எம்பும். நான் வழக்கமாப் போற கடையில ஒரு அண்ணே இருந்தாரு. அவரு நம்ம தாள வாங்குன உடனே ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்துல நிமிஷம் எழுதுவாரு. மனப்பாடம். எழுதிக் கூட்டிப் பாத்து, "தம்பி, இந்த நாலாவதத் தூக்கி பி பக்கம் போடுறேன், அங்க இருக்குற சின்னப் பாட்ட இங்க கொண்டாறேன், சரியா உக்காரும்"பாரு. பாட்டு முடிஞ்சு அந்தக் கடைசிச் சத்தம் முழுசா அடங்குற வரைக்கும் விட்டு, அப்பறம்தான் பாஸ் பட்டன அமுக்குவாரு. ரெண்டு செகண்ட், மூணு செகண்ட். சோகப் பாட்டுக்கு அப்பறம் இன்னும் ஒரு செகண்ட் கூட விடுவாரு. நான் அத எண்ணிப் பாத்திருக்கேன். அந்தக் கேசட்டக் கேட்டுக் கேட்டு, இன்னைக்கும் ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்து அந்தப் பாட்டுதான் என் மண்டைக்குள்ள ஆரம்பிக்கும். ரேடியோவுல வேற பாட்டு வந்துட்டா, ஏதோ தப்பா வந்த மாதிரி இருக்கும். ஐம்பது வயசு தாண்டுன எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு, உங்களுக்கும் இருக்கும்.

அந்த அண்ணனுக்குத் தெரிஞ்சது இந்த ஆப்புக்குத் தெரியல. பாட்டுல ரெண்டு வகை இருக்கு. ஒரு வகை, பாடிக்கிட்டே இருக்கும்போது சத்தம் தேய்ஞ்சு தேய்ஞ்சு காணாமப் போகும். ரயிலு தூரமாப் போற மாதிரி. இந்த வகைக்கு கிராஸ்ஃபேட் ஒண்ணும் செய்யாது. அதுவே போகுது, போறத அடுத்தது வந்து வாங்கிக்கிரும். இன்னொரு வகை, பல்லவிய ஒருக்க திருப்பிப் பாடி, மிருதங்கமோ தபேலாவோ ஒரு தீர்மானம் வச்சு, நச்சுனு முடியும். கருப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டுல பாதி இப்பிடித்தான். அந்தக் கடைசிப் பல்லவியிலதான் பாடுறவரு ஒரு சின்ன சங்கதி வச்சிருப்பாரு. நம்ம மதுரைக்காரர் டி.எம்.சௌந்தரராஜன் பாட்டக் கேட்டவங்களுக்கு நான் சொல்றது புரியும். அந்த இடத்துல 12 செகண்டு முன்னாடியே வேற ஒருத்தன் தவுல் அடிச்சுக்கிட்டு உள்ள வந்தான்னா எப்பிடி இருக்கும்? பந்தியில பாயசம் ஊத்தும்போதே இலைய மடக்குற மாதிரி இருக்கும். அக்கா சொன்ன "முழுங்குது" இதத்தான்.

கச்சேரி கேக்குறவங்களுக்கு இன்னொரு கூத்து. எம்.எஸ்.சுப்புலட்சுமி மதுரைலதான் பொறந்தாங்க, 1916-ல. அவங்க சுருதி ஒசரம். மதுரை சோமு சுருதி தாழ. ரெண்டு பேருக்கும் பின்னாடி தம்புரா மீட்டிக்கிட்டே இருக்கும். கிராஸ்ஃபேட் போட்டு ஒருத்தருக்கு அப்பறம் இன்னொருத்தர ஓட விட்டுப் பாருங்க. ரெண்டு சுருதியும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, பல்லுல மணலு கடிபட்ட மாதிரி கூசும். ஆனா ஒரே கச்சேரிய ஆலாபனை தனியா, கிருதி தனியான்னு வெட்டி வச்சிருப்பாங்க பாருங்க, அதுக்குக் கேப்லெஸ் கட்டாயம் வேணும். இல்லாட்டி ஆலாபனை முடிஞ்சு கிருதிக்குப் போற வாசல்ல தம்புரா செத்துப் பொழைக்கும். கச்சேரில நேர்ல கேட்டா அந்தத் தம்புரா நிக்கவே நிக்காது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுறவரு அதே மாதிரி. ஊதுறவரு சீவாளிய எடுத்து எச்சி தொட்டுத் திரும்ப வைக்கிற வரைக்கும், ஒத்து மட்டும் தனியா நின்னு ஊதிக்கிட்டு இருக்கும். கூட்டத்துல யாரும் அவர நிமிந்து பாக்குறதில்ல. சம்பளமும் கம்மிதான்.

எங்க வயல்லயும் இதுக்கு ஒரு வழி இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. நடவு நடும்போது ஒருத்தி பாட்டு எடுத்துக் குடுப்பா, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. பாட்டு முடியிற இடத்துல குலவை போடுவாங்க. கேட்டிருக்கீங்களா? நாக்க ரெண்டு பக்கமும் அடிச்சு, பத்துப் பதினஞ்சு பேரு ஒண்ணாப் போட்டா வரப்பு அதிரும். அந்தக் குலவை ஓயிறதுக்குள்ள, அது தேய்ஞ்சு வரும்போதே, எடுத்துக் குடுக்குறவ அடுத்த பாட்டோட முதல் சொல்ல உள்ள விட்டுருவா. அம்புட்டுப் பேருக்கும் மூச்சு வாங்கிக்கிரவும் நேரம் கிடைக்கும், பாட்டும் விட்டுப் போகாது. முடிஞ்சது முடிஞ்சதுன்னும் தெரியும், அடுத்தது வந்ததும் தெரியும். முளைப்பாரிக் கும்மியிலயும் இதே கதைதான். குலவையில பாட்டுச் சொல்லு எதுவும் கிடையாது பாருங்க, அதனால அதும் மேல எந்தப் பாட்டு வந்து உக்காந்தாலும் இடிக்காது. நான் பாத்ததுல ஒரு பாட்ட இன்னொண்ணோட சேக்குறதுக்கு இதவிட நல்ல சாமான் இல்ல.

எங்க அக்கா அந்தக் காலத்துல எடுத்துக் குடுத்தவுகதான். இப்பப் பாடுறதில்ல. "போனு பாடுது, நான் எதுக்கு"ம்பாக. எகத்தாளமாச் சொல்றாகளா, நெசமாச் சொல்றாகளான்னு எனக்கு வெளங்காது.

இன்னொண்ணையும் சொல்லிர்றேன், சம்சாரிங்களுக்கு இது உபயோகம். பகல்ல நான் தண்ணி பாச்சும்போது பாட்டு வச்சிருப்பேன், ஆனா இடைவெளி இல்லாம வைக்கவே மாட்டேன். கிணத்துல தண்ணி கீழ போனா குழாய் வாயில விழுற சத்தம் மாறும். 'கொள கொள'ன்னு காத்து வாங்கும். அந்த நேரத்துல மோட்டார நிறுத்தணும். நிறுத்தலேன்னா காயில் கருகும், கட்டுறதுக்கு ஆயிரக்கணக்குல செலவு, கட்டித் தர்றதுக்குள்ள பயிரு வாடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல வர்ற ரெண்டு செகண்டுல என் காது தானா குழாய் வாய்க்குப் போயிரும். மூணு பாட்டுக்கு ஒருக்க கேட்டாக்கூடப் போதும். நிக்காத பாட்டுல அதுக்கு வழி இல்ல.

பஞ்சாயத்து எப்பிடி முடிஞ்சதுனு கேப்பீங்க. சின்னப் பிள்ளைக்குத் தூக்கம் வரக் கூடாது, அக்காவுக்குக் கடைசி வரி வேணும், ஆளு இருக்குற இடம் தெரியணும். ரெண்டு பேரு சொல்றதும் நியாயம்தான். இருட்டு இருக்குற வரைக்கும் புள்ளிய பூஜ்ஜியத்துல வச்சு, பழைய பாட்டு. கிழக்க வெளுத்த உடனே நான் போயி 6-ல தள்ளி, எண்பதுகளுக்குப் பிந்துன பாட்டுப் பட்டியலப் போட்டு விடுறது. இந்தப் பட்டியல்ல தேய்ஞ்சு முடியிற பாட்டா பாத்துச் சேத்திருக்கேன், ஒரு நாப்பது தேறுச்சு. அதச் சேக்க எனக்கு நாலு ராத்திரி ஆச்சு. வீட்டுக்காரி, "பாட்டோட முடிவ மட்டும் கேக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்"னு சிரிச்சா. ஆப்புக்காரங்க இத ஒரு பட்டனா வச்சிருக்கலாம். பாட்டு நச்சுனு முடியுதா தேய்ஞ்சு முடியுதான்னு கண்டுபிடிக்கிறது, தாளத்தக் கணக்கெடுக்குற அளவுக்குப் பெரிய காரியமில்ல. ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியா அத முடிவு பண்ணுனா பாதிச் சண்டை தீந்துரும். எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவு செகண்டுன்னு வைக்கிறது, எல்லாப் பயிருக்கும் ஒரே அளவு தண்ணின்னு சொல்ற மாதிரி இருக்கு.

இதுல ஊருக்கே சம்பந்தப்பட்ட சேதி ஒண்ணு இருக்கு. எங்க ஊரு மந்தையில பங்குனிப் பொங்கலுக்கு வருஷா வருஷம் நாடகம் உண்டு. வள்ளி திருமணம், சில வருஷம் பவளக்கொடி. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதுனது, அவரு 1922-லயே போயிட்டாரு, நாடகம் இன்னும் போகல. இத ஸ்பெஷல் நாடகம்பாங்க. பட்டணத்து ஆளுங்களுக்கு இது தெரியாம இருக்கலாம், அதனால சொல்றேன். இதுல கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட்ட ஒரு ஊருல இருந்து பேசுவோம், ஸ்திரீபார்ட்ட இன்னொரு ஊருல இருந்து, பபூன், நாரதர்னு தனித்தனியா. மதுரைல அவங்களுக்குச் சங்கம் இருக்கு, அங்க போயி தேதி பேசணும். அவங்க ஒருத்தர ஒருத்தர் அன்னைக்கு ராத்திரி மேடையிலதான் பாக்குறாங்க. பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடியிற வரைக்கும் ஓடும். அத்தன பேரையும் சேத்துக் கட்டுற கயிறு யாருன்னா, மேடை ஓரத்துல உக்காந்திருக்குற ஆர்மோனியக்காரரு.

போன வருஷம் இளவட்டங்க கூட்டம் போட்டு, "நாடகம் வேணாம் சித்தப்பா, டி.ஜே. வச்சிருவோம். பாட்டு நிக்காம வரும், ஒருத்தன் லேப்டாப்போட வந்தாப் போதும், செலவு பாதி"ன்னு சொன்னாங்க. செலவு பாதிங்கிறது உண்மை. பெரியவங்க பிடிவாதம் பிடிச்சதுல நாடகமே நடந்துச்சு. நடுச்சாமத்துல ஸ்திரீபார்ட்டு வர வேண்டிய இடம். அந்தம்மாவுக்கு ஏதோ உடுப்புல சிக்கல், வர நேரமாகுது. ராஜபார்ட்டு பாடி முடிச்சு உள்ள போயிட்டாரு. மேடை காலி. ஆர்மோனியக்காரரு ராஜபார்ட்டு விட்ட ராகத்துலயே உக்காந்துக்கிட்டாரு. கண்ணு மட்டும் திரை ஓரத்துல. கை பாட்டுக்கு ஓடுது, அவரே ரெண்டு வரி பாடுறாரு, மிருதங்கக்காரரு அதுக்கு ஒரு சொல்லு வைக்கிறாரு, ஆல்ரவுண்டுக்காரரு ஒரு தட்டு தட்டி சனங்களச் சிரிக்க வைக்கிறாரு. ஏழெட்டு நிமிஷம் இருக்கும். ராஜபார்ட்டு சுருதி ஒண்ணு, அந்தம்மா சுருதி இன்னொண்ணு. இடையில எந்த இடத்துல அவரு சுருதிய மாத்துனாருன்னு எனக்குத் தெரியல, பக்கத்துல இருந்த யாருக்கும் தெரியல. அந்தம்மா திரைக்குப் பின்னாடி இருந்தே குரலெடுத்தப்ப, ஆர்மோனியம் அவங்க சுருதில தயாரா நின்னுக்கிட்டு இருந்துச்சு. மந்தையில படுத்திருந்த கெழவிக எல்லாம் எந்திரிச்சு உக்காந்துட்டாக. யாரோ ஒருத்தவுக குலவை போட்டாக. எங்க அக்கா குரலு மாதிரி இருந்துச்சு.

விடிஞ்ச பிறகு டீ குடிக்கும்போது, டி.ஜே. கேட்ட பையங்கள்ல ஒருத்தன் அவருகிட்டயே போயி, "அய்யா, அவங்க எப்ப ஆரம்பிப்பாங்கன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? திரைக்குள்ளல்ல இருந்தாங்க"ன்னு கேட்டான். அவரு டீய ஆத்திக்கிட்டே, "திரைக்குக் கீழ கால் தெரியும் தம்பி. பாடப் போறவங்க ஒரு கால ஊண்டுவாங்க"ன்னாரு.

இந்த வருஷப் பொங்கலுக்கும் நாடகத்துக்கு முன்பணம் குடுத்தாச்சு. அதே ஆர்மோனியக்காரரத்தான் கேட்டிருக்கோம், தேதி தர்றேன்னு சொல்லியிருக்காரு. இளவட்டங்களுக்காக ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் டி.ஜே. பத்து மணிக்கு நாடகம். ஒம்பதுல இருந்து பத்து வரைக்கும் மந்தையில என்ன போடுறதுங்கிறது இன்னும் பேசி முடியல. வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டம்.